சுண்டுவிரலுக்கு வந்த கடிதங்கள்

மார்ச் 2

அப்பாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்ததாக அம்மா போனில் சொன்னாள். அது பிரெய்லியில் எழுதவும் படிக்கவும் நான் வைத்திருந்த பழைய நோட்டேக்கர். எனக்குப் புதியது ஒன்று கிடைத்துவிட்டது. இது சும்மா கிடந்தது, அனுப்பினேன். வேறு காரணம் தேட வேண்டாம்.

மேலே ஆறு கட்டைகளும் நடுவில் ஒரு நீளக் கட்டையும் இருக்கும். ஆறு கட்டைகளும் பிரெய்லியின் ஆறு புள்ளிகள். அவற்றை அழுத்தித்தான் எழுத வேண்டும். உங்கள் பக்கத்து விளிம்பில் ஒரு பட்டை இருக்கிறது. எழுத்துகள் அதில் குண்டூசித் தலைகள் மாதிரி எழும்பும். விரலால் தடவிப் படியுங்கள். வலது ஓரப் பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி வரும். படித்துக்காட்டும் குரலும் உண்டு. எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கு போட்டிருக்கிறேன். அம்மா தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் நீங்கள் பெட்டியில் ‘இணை’ கொடுக்க வேண்டும். அப்போதுதான் எழுதி வைத்தது போகும், வந்திருப்பது இறங்கும். அதுவரை நீங்கள் எழுதியது அவுட்பாக்ஸில்தான் கிடக்கும். அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்வார்கள்.

பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன் செய்ய வேண்டாம். மூன்று வருஷத்தில் இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு முறையும் மூன்றாவது நிமிஷத்தில் எங்கே போய் நின்றோம் என்று உங்களுக்கே தெரியும். எழுதுங்கள். எழுத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழ முடியாது.

மகள்

மார்ச் 9

டீச்சரம்மா அவர்களுக்கு அப்பா எழுதுவது,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் எழுத உட்கார்ந்தேன். ஏழாம் நாள் இதோ முடிக்கிறேன். “இதுக்கு நீங்க நடந்தே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கலாம்” என்கிறாள் உன் அம்மா.

உனக்கு ஆறு வயதில் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குப் பிரெய்லி வகுப்பு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் முதல் மார்க் வாங்கியவன் நான். ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விட்டவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே முதல் மார்க். அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அறுத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் அதைக் கண்ணால் படித்தேன். தாளை வெளிச்சத்தில் சாய்த்து, மேட்டின் நிழலைப் பார்த்து, ‘இது க, இது ம’ என்று அடித்துவிடுவேன். விரல் பக்கத்திலேயே போனதில்லை.

இப்போது கண் போய்விட்டது, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் டிப்போவில் இருபத்தேழு வருஷம் சீட் தைத்த விரல் இது. கோணி ஊசியும் ரெக்சினும் சேர்ந்து அதையும் ரெக்சினாக்கிவிட்டன. டிப்போவில் என்னை ‘ரெக்சின்’ என்று கூப்பிட்டதற்கு இப்போதுதான் முழு அர்த்தம் விளங்குகிறது. உன் ஆறு புள்ளியும் எனக்குக் கொசு கடித்த ஒரே தடிப்பு மாதிரி இருக்கிறது.

“குரலைப் போட்டுக் கேளுங்களேன், எதுக்கு இந்தப் பாடு?” என்றாள் அம்மா. போட்டேன். முதல் வார்த்தையிலேயே அணைக்கச் சொல்லிவிட்டேன். அதே குரல். மூன்று வருஷம் முன்னால், நீ பழைய காகிதங்களையெல்லாம் ஸ்கேனரில் வைத்துப் படிக்கவிட்ட அன்றைக்கு நம் கூடத்தில் கேட்ட, ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்தப் பெண் குரல். அது இப்போது “அப்பாவுக்கு” என்றது. எனக்கு அது வேண்டாம். ஒரு வருஷம் ஆனாலும் விரலாலேயே படித்துக்கொள்கிறேன்.

நீ ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்று எழுதியிருப்பது ஏதோ ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. ஆனால் எந்த ஆபீஸும் டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிப்பதில்லை. அதனால் சந்தோஷம்தான்.

அம்மா உன்னோடு போனில் பேசி முடித்ததும் தினமும் கேட்கிறேன், “என்னைப் பத்திக் கேட்டாளா?” என்று. “கேக்கலை” என்கிறாள். ஒரு நாளாவது பொய் சொல்லலாம் இல்லையா?

அப்பா

மார்ச் 11

அப்பாவுக்கு,

ஆள்காட்டி விரலை விட்டுவிடுங்கள். அது தேறாது.

நீங்கள் ஊசியைத் தள்ளும்போது வலது கைச் சுண்டுவிரலைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்க்கும்போதெல்லாம் அது என் முழங்கையில் இடிக்கும். இருபத்தேழு வருஷமாகச் சும்மா இருந்த விரல் அது ஒன்றுதான். அதற்கு வேலை கொடுங்கள். அழுத்தாதீர்கள். தையலின் பின்பக்கத்தில் நூல் தளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பீர்களே, அந்த அளவு போதும்.

விளம்பரக் கடிதங்கள் வந்து குவியும். படித்துப் பார்த்துவிட்டு நீக்குங்கள். நீக்கும் முன் பெட்டி ‘நிச்சயமா?’ என்று கேட்கும். தெரியாமல் ‘ஆம்’ சொல்லிவிடாதீர்கள். போனது போனதுதான்.

மகள்

மார்ச் 18

டீச்சரம்மாவுக்கு,

சுண்டுவிரல் படிக்கிறது!

நேற்று நிமிஷத்துக்கு நாலு வார்த்தை, இன்றைக்கு ஆறு. “இந்த வீட்டிலேயே உருப்படியான ஆள் அந்த விரல் ஒண்ணுதான்” என்று அம்மா சான்றிதழ் கொடுத்துவிட்டாள். வெந்நீரில் முக்கி, எண்ணெய் தடவி, மாப்பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன். அது உன் முழங்கையில் இடித்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தள்ளி உட்கார்ந்திருப்பேன். தெரியாததே நல்லது.

இனி எழுதப்போவது மூன்று வருஷமாக வாயில் வராதது. எழுத்தில் நீ குறுக்கே விழ முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உனக்கு அப்போது பத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு மாதம் தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தாய். உறை வந்தது. நீ சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தாய். “என்னப்பா எழுதியிருக்காங்க?” என்றாய். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் உனக்கு நான்தான் படித்துக்காட்டுவேன். அன்றைக்கு ஒரு தடவை மனதுக்குள் முழுசாகப் படித்தேன். தேர்வாகிவிட்டாய் என்று இருந்தது. “இந்த வருஷம் இடம் இல்லையாம்மா” என்றேன்.

நீ “சரிப்பா” என்றாய். தண்ணீர் குடித்தாய். அவ்வளவுதான். அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த ‘சரிப்பா’ எட்டு வருஷம் என்னோடு டிப்போவுக்கு வந்து போனது. உன் ஸ்கேனர் அந்தக் காகிதத்தைப் படிக்கும்வரை.

தெரியாத ஊரில் நீ தனியாக ரோடு தாண்டுவதை நினைத்துப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். பயம் பாதிதான். மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாயந்திரம் வீட்டில் நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு தேய்த்துக்கொண்டே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாய். எதிர்வீட்டு அம்மாள் செருப்பைத் தேய்த்து நடப்பதை நடித்துக்காட்டுவாய். நீ போய்விட்டால் அந்தச் சத்தம் இருக்காது. அந்தச் சத்தத்துக்காக உன்னுடைய படிப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

மே மாதம் பதினைந்து நாள் லீவில் வரப்போவதாக அம்மா சொன்னாள். என்னைப் பார்க்க இல்லை, அம்மாவைப் பார்க்கத்தான் என்பதையும் சேர்த்தே சொன்னாள். பரவாயில்லை. நானும் அதே வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா

மார்ச் 27

மகளுக்கு,

நான் அனுப்பிய கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாய். ‘இணை’ கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து இன்பாக்ஸைத் தடவினால், என் கடிதமே எனக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுப்பியவர் நான். யாருக்கு என்ற இடத்தில் நீ. ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஒரு வசவுகூட இல்லை.

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்தேன். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். “அதான் திருப்பி அனுப்பிட்டாளே, விடுங்க” என்று அம்மாவும் சொன்னாள். ஆனால் ஐந்து நிமிஷத்திலேயே திருப்பிவிட்டாயே. ஐந்து நிமிஷத்தில் நீ அதை முழுசாகப் படித்திருக்க முடியும். நீ வேகமாகப் படிப்பவள். படித்துவிட்டுத்தான் திருப்பினாயா, அல்லது படிக்காமலேயா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

ரெக்சின்

மார்ச் 28

அப்பாவுக்கு,

எந்தக் கடிதம்?

மார்ச் 9க்குப் பிறகு உங்களிடமிருந்து எனக்கு எதுவுமே வரவில்லை, நேற்று வந்த இதைத் தவிர. சுண்டுவிரலும் ஒத்துவரவில்லை, பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களைப் பற்றி அம்மாவிடம் தினமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. விசாரிப்பதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.

நான் யார் கடிதத்தையும் திருப்பி அனுப்புவதில்லை. வந்த கடிதத்தை வராததாக ஆக்குவது நம் வீட்டில் என்னுடைய வேலை இல்லை.

மறுபடி அனுப்புங்கள். எனக்கும் சில நாளாகக் கடிதங்கள் காணாமல் போகின்றன. நான் வேலை செய்யும் பிரெய்லி அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் “அனுப்பியாச்சே” என்கிறார்கள். நான் மெய்ப்புப் பார்க்க வேண்டிய பாடப்புத்தகம் ஒன்று இரண்டு முறை தொலைந்தது. முக்கியமான ஒரு கடிதத்துக்கும் காத்திருக்கிறேன். காலையில் வேலைக்கு வந்ததும் அதற்காகத்தான் முதலில் இணைத்துப் பார்க்கிறேன்.

மே லீவு கிடைத்துவிட்டது. 3ஆம் தேதி வருகிறேன்.

மகள்

ஏப்ரல் 4

டீச்சரம்மாவுக்கு,

நீ விசாரிப்பாய் என்று தெரிந்ததும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். “கேட்டான்னு சொன்னா, என்ன கேட்டா, எப்படிக் கேட்டா, குரல் எப்படி இருந்துச்சுன்னு ஒரு மணி நேரம் உயிரை எடுப்பீங்க. அதுக்குக் கேக்கலைன்னு சொல்றது எவ்வளவோ மேல்” என்றாள். அதில் நியாயம் இருந்ததால் சண்டை நடக்கவில்லை.

மே 3க்கு இன்னும் இருபத்தொன்பது நாள். உன் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தோம். பழைய இடத்துக்கே தள்ளிவிட்டேன். கதவிலிருந்து நாலு எட்டு, இடது பக்கம் அலமாரி, எல்லாம் நீ விட்டுப் போன கணக்குப்படி. நடந்து பார்த்துச் சரிபார்த்தேன். இந்த வீட்டில் இப்போது எட்டு எண்ணி நடக்கிறவர்கள் இரண்டு பேர். இடித்துக்கொண்டால் யார் மேல் தப்பு என்று அம்மா தீர்ப்புச் சொல்ல வேண்டியதுதான்.

பழைய கடிதத்தை மறுபடி அனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன். இன்றைக்கு இல்லை.

ஒன்று கேட்கலாமா? ஏதோ முக்கியமான கடிதத்துக்குக் காத்திருப்பதாக எழுதினாயே. அது வராமலே போனால் என்ன ஆகும்? சும்மாதான் கேட்கிறேன்.

மே 3 மாறாது இல்லையா?

அப்பா

ஏப்ரல் 5

அப்பாவுக்கு,

வராவிட்டால் ஒன்றும் ஆகாது. இந்த முறையும் இடம் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். பழகிய வாக்கியம்தான்.

3ஆம் தேதி வருகிறேன்.

மகள்

ஏப்ரல் 7

மகளே,

‘பழகிய வாக்கியம்’ என்ற இடத்தைத் தாண்டி விரல் நகரவில்லை. அதிலேயே வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பட்டை அந்தப் புள்ளிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் நகர்ந்தால்தான் அது நகரும்.

நீ காத்திருக்கும் கடிதம் என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் 2ஆம் தேதி காலையிலிருந்து இருக்கிறது.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, நம்பு. கொஞ்ச நாளாகவே உன் பெயருக்கு ஏதேதோ இந்தப் பெட்டியில் இறங்குகிறது. பிரெய்லித் தாள் விலைப்பட்டியல், ஏதோ பாடப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம். விளம்பரம் என்று நினைத்து அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். இரண்டு தடவை. அதற்குத் தனியாகத் திட்டு.

இதையும் அப்படித்தான் தடவ ஆரம்பித்தேன். பாதியிலேயே விளங்கிவிட்டது. ஒரு பயிற்சி மையம், ரயிலில் மூன்று நாள் தூரம். நடு வயதில் கண் போனவர்களுக்கு இந்த மாதிரிப் பெட்டிகளைச் சொல்லித்தரும் வேலை. உன்னை எடுத்திருக்கிறார்கள். மே 2ஆம் தேதி சேர வேண்டும். ஏப்ரல் 10க்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

மே 2 சேர வேண்டும் என்றால் மே 3 வீட்டுக்கு வர முடியாது. எனக்குக் கணக்கு வராது. இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

நான் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. 10ஆம் தேதிவரை சும்மா இருந்தால் போதும். கடந்த தடவை உன் முகத்துக்கு நேராக ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை அதுகூட வேண்டாம், எவ்வளவு வசதி! உன் கட்டிலைத் தள்ளிக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 4ஆம் தேதி உனக்கு எழுதியது அப்படி நினைத்த அந்த ஆள்தான். நல்ல கலகலப்பாக எழுதியிருக்கிறான், பார்த்தாயா?

5ஆம் தேதி நீ எழுதினாய். இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.

இதை இன்னொருவருக்குத் தள்ளிவிடும் வித்தையை நீ எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. தெரியாமல் எதையாவது அழுத்தி அத்தியாயம் போன வழியில் இதுவும் போய்விட்டால் என்று கை வைக்கவே பயமாக இருக்கிறது. எப்படி என்று உடனே எழுது. என் மார்ச் 18 கடிதம் ஏன் எனக்கே திரும்பி வந்தது என்று இன்றைக்குத்தான் உறைத்தது. உன் கடிதம் என் பெட்டிக்குள் வருகிறதென்றால், உனக்கு நான் எழுதியதும் வரும்தானே! அதனால் இது போன சத்தம் கேட்டதும் ஹாட்ஸ்பாட்டை அணைக்கும்படி அம்மாவைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருக்கிறேன். “என்ன அவசரம், பால் பொங்குது” என்கிறாள். பொங்கட்டும் என்றேன்.

அப்பா

ஏப்ரல் 8

ஐந்து நாள்.

ஐந்து நாள், அப்பா. இன்னும் இரண்டு நாளில் முடிகிற கெடுவில், ஐந்து நாள்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். அது என்னுடையது. பெட்டியை அனுப்பும் முன் என் பழைய கணக்கை அதிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் என் அஞ்சலில் இடம் குறைவு. அதனால் கடிதத்தை இறக்கியதும் மூலத்தை அழித்துவிடும்படி வைத்திருந்தேன். முதலில் இணைக்கிறவர்கள் கைக்குக் கடிதம் போகும், அடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் ஒன்பது மணிக்கு இணைப்பேன். அம்மா ஏழு மணிக்கே ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுவாள். நீ அனுப்பியதும் அவள் உடனே அணைத்த நாட்களில் மட்டும்தான் உன் கடிதம் எனக்கு வந்திருக்கிறது.

அதைத் தள்ளிவிட வேண்டாம். எப்படி என்று சொல்லித்தரப் போவதில்லை.

இன்று சாயந்திரம் ஆறு மணிக்குப் போன் செய். எடுக்கிறேன். கடிதத்தைப் படித்துக்காட்டு. குரலைப் போடக் கூடாது. அம்மா உதவக் கூடாது. விரலால் படி. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, ஒன்று விடாமல்.

ஏப்ரல் 12

அப்பா,

சம்மதம் என்று 9ஆம் தேதி காலையிலேயே எழுதிவிட்டேன். ஒப்புக்கொண்டு பதிலும் வந்துவிட்டது. இந்தத் தடவை எனக்கே வந்தது. உன் பெட்டி அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் போனில் நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதை எழுத வேண்டும் என்று நாலு நாளாக உட்காருகிறேன்.

ஒன்றரைப் பக்கத்தைப் படிக்க உனக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. விரல் பட்டையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் பிய்த்துப் பிய்த்து, பின்னால் போய், சேர்த்துச் சொன்னாய். நான் கடிதத்தைக் கேட்கவில்லை. உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது தாவுகிறாயா, எதையாவது விழுங்குகிறாயா என்று. சின்ன வயதில் நீ படித்துக்காட்டிய அத்தனை கடிதத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

‘மே 2’ என்ற இடத்தில் நின்றாய். நான் எண்ணினேன், பதினோரு நொடி. பிறகு ‘மே 2 அன்று’ என்று சரியாகப் படித்தாய்.

அந்தப் பத்தியும் வந்தது. ‘விரல் தடித்துப்போன உங்கள் மாணவருக்கு, வேலை செய்யாத ஒரு விரலைத் தேடிக் கொடுத்த பாடம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.’ நீ படிப்பதை நிறுத்திவிட்டு, “ஏம்மா, இது நான்தானே?” என்றாய். விண்ணப்பத்தோடு ஒரு மாதிரிப் பாடம் கேட்டிருந்தார்கள், அப்பா. மார்ச் 11ஆம் தேதி உனக்கு எழுதியதை அப்படியே அனுப்பினேன். அது நீதான். “நடுவில் பேசாதே, படி” என்று சொன்னேன்.

கையெழுத்து, பதவி எல்லாம் படித்து முடித்தாய். வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைத் தொடங்கினாய். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, இரண்டு வருடக் கணினிப் பயிற்சிக்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்.’ விரல் உரசும் சத்தம் இல்லை. எங்கேயும் பார்க்காமல், எதையும் தொடாமல் சொல்லிக்கொண்டே போனாய். ‘ஜூன் 12 காலை பத்து மணிக்குள் நேரில் வரவும். உடன் ஒருவர் வரலாம். போர்வை ஒன்று, தட்டு ஒன்று, பெட்டிக்குப் பூட்டு ஒன்று, சாவி இரண்டு.’ பூட்டு என்ற இடத்தில் தடுக்கி நின்றாய். மறுபடி ஆரம்பித்து முடித்தாய்.

அந்தக் காகிதத்தை நான் ஸ்கேனரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக அதை நீயும் மனப்பாடமாக வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. உன் குரலில் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதனால்தான் பேச முடியவில்லை.

மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. ஆனால் இனி மூன்றாவது நிமிஷத்தைத் தாண்ட முடியும் என்று நினைக்கிறேன்.

மே மாதம் வர முடியாது. முதல் லீவு அடுத்த மார்ச்சில்தான். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

இப்போது பாடம். ‘கணக்குகள்’ என்ற இடத்துக்குப் போ. இரண்டு இருக்கும். மேலே இருப்பது என்னுடையது. அதன்மேல் நின்று ‘நீக்கு’ கொடு. உன்னுடையதைத் தொட்டுவிடாதே. மார்ச் 18ஆம் தேதி நீ எழுதி உனக்கே திரும்பி வந்ததை, நீக்கி முடித்த பிறகு, அதன்மேல் நின்று ‘மறுபடி அனுப்பு’ கொடு. எனக்கு அது வேண்டும்.

மகள்

ஏப்ரல் 16

டீச்சரம்மாவுக்கு,

‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். ஆபீஸ் நோட்டீஸ் நின்றுவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் பேசினால் நீ மறுபடி ஆரம்பித்துவிடுவாய், விடு.

பூட்டைப் பற்றிக் கேட்டாய். நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டாய். உன்னிடம் இடம் இல்லை என்று சொன்னதற்கு மறுநாள் டிப்போ முடிந்து வரும் வழியில் ஒரு பூட்டு வாங்கினேன். பித்தளை, இரண்டு சாவி. வீட்டுக்குப் போனதும் ‘நேற்று நான் தப்பாகப் படிச்சுட்டேன்மா’ என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து மங்கலாக இருந்தது என்று காரணம்கூடத் தயார் செய்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே நீ அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. பூட்டு தையல் மெஷின் டிராயருக்குள் போனது, அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில். அந்த ‘நாளைக்கு’ எட்டு வருஷம் நீண்டுவிட்டது.

இன்று எண்ணெய் விட்டுத் திறந்து பார்த்தேன். இரண்டு சாவிக்கும் திறக்கிறது. புது ஊருக்குப் பார்சலில் அனுப்புகிறேன். புதுக் கடிதத்தில் பூட்டுக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும், நான்தானே படித்தேன். இருந்தாலும் வைத்துக்கொள். ஒரு சாவியை மட்டும் இங்கே வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

கட்டில் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். “அடுத்த மார்ச் வரைக்கும் அப்படியேவா? அலமாரிக் கதவு திறக்க மாட்டேங்குது” என்றாள் அம்மா. மார்ச் என்ன, நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவளும் மே 3க்காக எதையெல்லாமோ வாங்கி வைத்திருந்தாள். அதை நீ அவளிடம் கேட்காதே.

உன் கணக்கை நீக்கிவிட்டேன். மேலே இருப்பதன்மேல் நின்று, சரிதானா என்று நாலு தடவை தடவிப் பார்த்து, ‘நீக்கு’ கொடுத்தேன். ‘நிச்சயமா?’ என்று கேட்டது. அந்த ஒரு வார்த்தையின்மேல் சுண்டுவிரல் ரொம்ப நேரம் இருந்தது. உன் பெயருக்கு வருகிற விலைப்பட்டியலும் அத்தியாயமும் எனக்குப் புரியாவிட்டாலும், காலையில் அது இறங்கும்போது நீ எங்கேயோ வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று தெரியும். அதுவும் ஒரு மாதிரி மெழுகு தேய்க்கிற சத்தம்தான். பிறகு ‘ஆம்’ கொடுத்தேன்.

இனி உன் பெயருக்கு வருவது எதுவும் என் கைக்கு வராது. என் பெயருக்கு நீ எழுதினால்தான் உண்டு.

நீக்கியதும் மார்ச் 18 கடிதத்தை அனுப்பினேன். ஐந்து நிமிஷம் காத்திருந்து இன்பாக்ஸைத் தடவினேன். திரும்பி வரவில்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் இன்றைக்கே மூன்று தடவை இணைத்துப் பார்த்துவிட்டேன். ‘புதிய அஞ்சல் இல்லை’ என்கிறது. அந்த மூன்று வார்த்தை மட்டும் இப்போது எனக்கு நீ படிக்கிற வேகத்தில் வருகிறது. விரல் வைத்த உடனே தெரிந்துவிடுகிறது. “இப்பத்தானே பாத்தீங்க, அவ இன்னும் உங்க கடிதத்தைப் படிச்சு முடிச்சிருக்க மாட்டா” என்கிறாள் அம்மா.

ஆறு மணிக்கு இன்னொரு தடவை ஹாட்ஸ்பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா